கல்லுல நிக்கிறான் ஒரிஜினல் ஹீரோ!

"மச்சி, இவன்தான் நம்ம ஹீரோ. எப்படி?"

அனிமேஷன் படிக்கும் நண்பன் லேப்டாப்பை நம் பக்கம் திருப்பினான். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். ஒரு ஃபேண்டஸி வீடியோ கேமுக்காக 'பண்டைத் தமிழ் வீரன்' டிசைன் பண்ணியிருக்கிறான். மார்பில் சிக்ஸ் பேக் பதித்த வெண்கலக் கவசம், தோள்பட்டையில் சிங்க முகம், தலையில் கொம்பு வைத்த ஹெல்மெட், கையில் ஆளை விட உயரமான வாள். பார்க்க ஜம்மென்று இருந்தான்.

ரூமில் எல்லோரும் கை தட்ட, ஒருத்தன் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தான். தர்மபுரி மாவட்டத்துப் பையன். அரூர் பக்கத்துக் கிராமம்.

"நல்லாத்தான்டா இருக்கு. ஆனா எங்க ஊரு வேடியப்பன் கோயில்ல ஒருத்தர் கல்லுல நிக்கிறாரு. அவரும் பழைய காலத்து வீரர்தானாம். அவருக்குச் சட்டையே இல்லையே?"

ரூமே சிரித்தது. ஆனால், கேள்வி மட்டும் சிரிப்போடு போகவில்லை. நாம் கேமில் பார்க்கிற வீரனுக்கும் நிஜத்தில் நின்று சண்டை போட்ட வீரனுக்கும் எவ்வளவு தூரம்? அடுத்த வாரமே தர்மபுரிக்கு பஸ் ஏறினோம். ஊர் வருவதற்குள் இந்தப் பஞ்சாயத்தின் ஃப்ளாஷ்பேக்கைப் பார்த்துவிடலாம்.

சீனாக்காரர் பட்ட பாடு

இந்த விஷயத்தில் ரொம்ப நாளாக அடிபடுபவர்கள் சீன வீரர்கள்தான். பல ஃபேண்டஸி கேம்களில் 'ஆசிய வீரன்' என்றாலே சீனா, ஜப்பான், மங்கோலியா மூன்றையும் மிக்ஸியில் போட்டு ஒரு சுற்று விட்டுவிடுவார்கள். பெயர் சீனப் பெயராக இருக்கும், தோளில் தொங்குவது ஜப்பான் சாமுராயின் கவசமாக இருக்கும்.

ஜப்பானின் கோயி நிறுவனம் 1997-ல் ஆரம்பித்த 'டைனஸ்டி வாரியர்ஸ்' கேம் வரிசை நினைவிருக்கிறதா? அதில் நீண்ட தாடியோடு வரும் குவான் யூ, நீளக் கம்பின் முனையில் பிறை வடிவ வெட்டுக்கத்தி வைத்த ஆயுதத்தைச் சுழற்றி நூறு பேரை ஒரே வீச்சில் சாய்ப்பார். நிஜமான குவான் யூ இறந்தது கி.பி. 220 வாக்கில். அந்தப் பிறைக்கத்தியோ 11-ம் நூற்றாண்டுச் சீனப் போர்க்கலை நூலில்தான் படமாகத் தலைகாட்டுகிறது. நடுவில் 800 வருட இடைவெளி! கதை சொன்னவர்கள் பின்னாளில் அவர் கையில் கொடுத்த ஆயுதத்தை, கேம்காரர்கள் அப்படியே வாங்கிக்கொண்டார்கள்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. 1999-ல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' கேமில் சீனர்களின் ஸ்பெஷல் வீரன் 'சூ கோ நூ'. விசையை இழுக்க இழுக்க அம்பு மேல் அம்பாகப் பாயும் வில் வைத்திருப்பான். அந்தப் பெயர் 3-ம் நூற்றாண்டு ராஜதந்திரி ஜூகே லியாங்கின் பெயரிலிருந்து வந்தது. ஆனால், ஹூபே மாகாணத்தில் கி.மு. 4-ம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றிலேயே அந்த மாதிரி வில் கிடைத்திருக்கிறது. பெயருக்குரியவர் பிறப்பதற்கு 500 வருடங்களுக்கு முன்பே ஆயுதம் ரெடி!

சரி, நிஜமான சீன வீரன் எப்படி இருந்தான்? 1974-ல் ஷியான் நகரத்துக்குப் பக்கத்தில் கிணறு வெட்டிய விவசாயிகளின் மண்வெட்டியில் தட்டுப்பட்டது பதில். முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக்குக் காவலாகப் புதைக்கப்பட்ட சுடுமண் படை. மொத்தம் சுமார் 8,000 வீரர்கள் இருக்கலாம் என்று கணக்கு. பலருக்குச் சின்னச் சின்னத் தகடுகளைக் கோத்த கவசம் உண்டு. ஆனால், தலையில் ஹெல்மெட் இல்லை. அழகாக முடிந்த கொண்டைதான்! இன்னொரு குழியில் கல் தகடுகளால் செய்த ஹெல்மெட்கள் பின்னாளில் கிடைத்தன. ஆக, ஹெல்மெட் என்பது தெரியாத ஆட்கள் இல்லை. இந்தக் கொண்டையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள். தர்மபுரியில் வேலை இருக்கிறது.

2019-ல் வந்த 'டோட்டல் வார்: த்ரீ கிங்டம்ஸ்' கேம் இந்தத் தகராறுக்கு ஒரு சூப்பர் தீர்வு கண்டுபிடித்தது. ஆட்டத்துக்குள் இரண்டு கதவு. ஒன்று 'ரொமான்ஸ்'. 14-ம் நூற்றாண்டு நாவல் சொன்ன மாதிரி தளபதி தனி ஆளாக நின்று நூறு பேரைப் பறக்க விடுவார். இன்னொன்று 'ரெக்கார்ட்ஸ்'. 3-ம் நூற்றாண்டு வரலாற்று நூலைப் பின்பற்றுகிற ஆட்டம். இதில் அதே தளபதி மெய்க்காவலர் கூட்டத்தோடுதான் வருவார், அடிபட்டால் சாவார். எது வேண்டுமோ நீயே எடுத்துக்கோ!

2024 ஆகஸ்ட்டில் வந்து உலகைக் கலக்கிய 'ப்ளாக் மித்: வுகோங்' இன்னும் ஒரு படி மேலே போனது. ஹீரோ ஒரு குரங்கு. அச்சு அசல் ஃபேண்டஸி. ஆனால், அவன் நடக்கிற கோயில், அதிலுள்ள சிலை, மரத்தூண் எல்லாம் நிஜம். ஷான்ஷி மாகாணத்துப் பழைய கோயில்களைத் தேடிப் போய், அளந்து, ஸ்கேன் செய்து கேமுக்குள் வைத்தார்கள். கேமை ஆடி முடித்த ஜனம் அந்தக் கோயில்களைப் பார்க்க டூர் கிளம்பியது.

இங்கேதான் பாயின்ட். ஃபேண்டஸி என்பது தப்பே இல்லை. ஆனால், அவர்களிடம் புரட்டிப் பார்க்க ரெக்கார்டு இருந்தது. நம்மிடம்?

நம்ம ஆளு கேமுக்குள்ள வந்த கதை

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' முதலில் வந்தபோது நாம் அதில் இல்லவே இல்லை. 2013-ல்தான் 'இந்தியர்கள்' என்று மொத்தமாக ஒரே மூட்டையாகக் கட்டிச் சேர்த்தார்கள். 2022 ஏப்ரலில் மூட்டையைப் பிரித்து, 'திராவிடர்கள்' என்று தனிப் பிரிவு கொடுத்தார்கள். வீரனைக் க்ளிக் செய்தால் தமிழில் பதில் சொல்வான். ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளை ஆட்டமாகவே ஆடலாம். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டிய சமாசாரம்தான்.

ஆனால், அங்கே நமது ஸ்பெஷல் வீரன் யார் தெரியுமா? உருமி வீரன். சிலம்ப வாத்தியார்கள் சுருள்வாள் என்று சொல்வார்களே, அந்த வளையும் வாள். களரியிலும் சிலம்பத்திலும் நிஜமாகவே இருக்கிற ஆயுதம்தான். பார்க்கவும் பிரமாதம். ஆனால், ஒரு நிமிடம் யோசியுங்கள். சுருள்வாள் சுற்ற சுற்றிலும் வெற்றிடம் வேண்டும். தோளோடு தோள் நிற்கும் படை வரிசையில் 30 பேர் சேர்ந்து அதைச் சுழற்றினால், எதிரி வருவதற்குள் நம் ஆட்கள் பாதிப் பேர் காலி!

இன்னொரு ஐட்டம் 'வூட்ஸ் ஸ்டீல்'. இந்த வசதியை வாங்கிவிட்டால் நம் வீரர்களின் அடி எந்தக் கவசத்தையும் கண்டுகொள்ளாமல் உள்ளே இறங்கும். இதற்குப் பின்னால் நிஜக் கதை உண்டு. நம் 'உருக்கு' கன்னடத்தில் 'உக்கு' ஆகி, வெள்ளைக்காரர் வாயில் 'வூட்ஸ்' ஆனது என்பார்கள். இரும்போடு ஆவாரங்குச்சி மாதிரியான கரிப்பொருளைக் களிமண் குப்பியில் அடைத்து, வாயை மூடி, உலையில் உருக்கி எடுத்த எஃகு அது. பழைய சேலம் ஜில்லா இந்தத் தொழிலுக்குப் பேர் போன இடம். தர்மபுரி அந்த ஜில்லாவிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1965-ல்தான். 2004 வரை தர்மபுரி மாவட்டத்தில் இருந்து, இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். ஆக, கேம்காரர்கள் கைவைத்தது சரியான இடத்தில்தான். கொஞ்சம் மந்திரம் தூவிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இரும்பு கிடைத்தது. அதைப் பிடித்த கை எங்கே? அதுக்குத்தான் தர்மபுரி.

கல்லுல ஒரு கேரக்டர் ஷீட்

தர்மபுரி நகரில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. உள்ளே வரிசையாக நடுகற்கள். போரில் செத்த வீரனுக்காக ஊர் நட்டு வைத்த கல். அந்தக் காலத்தில் பல்லவர், கங்கர், பாணர், நுளம்பர் என்று ஆளாளுக்கு உரசிக்கொண்ட எல்லைப் பகுதி இது. அதனால் இங்கேயும் பக்கத்துச் செங்கம் பகுதியிலும் நடுகற்களுக்குப் பஞ்சமே இல்லை. தமிழக அரசு தொல்லியல் துறை 1970-களிலேயே இவற்றைத் தேடிப் படித்துப் புத்தகமாகப் போட்டது.

கேம் டிசைன் படிக்கிறவர்கள் 'கேரக்டர் ஷீட்' என்று ஒன்று தயாரிப்பார்கள். ஆள் எப்படி நிற்பான், என்ன உடுத்துவான், கையில் என்ன என்று ஒரே பக்கத்தில் விவரம். ஒரு நடுகல் முன்னால் போய் நின்றால் அதேதான். 1,400 வருடத்துக்கு முன்பே கல்லில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

தலை: ஹெல்மெட் கிடையாது. முடியை அள்ளி முடிந்த கொண்டை. சுடுமண் சீனரை ஞாபகம் வருகிறதா?

உடம்பு: மேலே வெற்று மார்பு. காதில் குழை, கழுத்தில் அணி, சிலருக்குக் கையில் வளை. இடுப்பில் இறுக்கிக் கட்டிய குட்டை ஆடை, அதில் செருகிய குறுவாள்.

கை: பழைய கற்கள் பலவற்றில் ஒரு கையில் வாள், மறு கையில் வில். வேறு சிலவற்றில் வாளும் கேடயமும். வாள் ஆள் உயரத்துக்கெல்லாம் இல்லை. தூக்கி வீசி, ஓடி, மறுபடி வீசக்கூடிய அளவுதான்.

நிற்கிற தோரணை: காலை மடக்கி, எதிரியை நோக்கிப் பாய்கிற மாதிரி. போஸ் கொடுக்கவில்லை, வேலையில் இருக்கிறான்.

கடைசியாக ஒரு விவரம். அது எந்த கேம் ஹீரோவிடமும் இருக்காது. சில கற்களில் வீரனின் மார்பிலும் தொடையிலும் அம்புகள் குத்தி நிற்கின்றன. ஜெயித்த கணத்தைச் செதுக்கவில்லை. உயிர் போன கணத்தைச் செதுக்கியிருக்கிறார்கள்.

காலடியில் மூக்கு வைத்த கெண்டி ஒன்றும் சிமிழ் ஒன்றும் இருக்கும் கல்லும் உண்டு. போனவனுக்கு ஊர் வைத்த மரியாதை. பின்னால் சில கற்களில் மாடுகள். ஏன் மாடு? விஷயமே அங்கேதான் இருக்கிறது.

மிஷன்: மாடு மீட்பு

கேமில் ஹீரோ எதற்காகச் சண்டை போடுவார்? உலகத்தைக் காப்பாற்ற, சிம்மாசனத்தைப் பிடிக்க. நடுகல் வீரன் எதற்காகச் செத்தான்? பெரும்பாலும் மாட்டு மந்தைக்காக. கல்வெட்டில் அதற்குப் பேர் 'தொறு'. எதிரி ஊர் வந்து தொறுவை ஓட்டிக்கொண்டு போனால், இவன் துரத்திப் போய் மீட்பான், அந்தச் சண்டையில் 'பட்டான்', அதாவது செத்தான். அன்றைக்கு மாடுதான் ஊரின் பேங்க் பேலன்ஸ். அது போனால் ஊரே பட்டினி.

வட்டெழுத்தில் வெட்டிய அந்த வரிகளில் முதலில் ராஜா பெயரும் ஆட்சி ஆண்டும் வரும். அப்புறம் யாருடைய ஆள், எந்த ஊர்ச் சண்டை, கடைசியில் செத்தவன் பெயர். ராஜாவுக்குக் கோயில் கட்ட ஆள் உண்டு. இவன் சாதாரண ஊர்க்காரன். இவனுக்கும் பெயரோடு ஒரு கல்!

மனுஷனுக்கு மட்டுமில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. தொறு மீட்கப் போய்ச் செத்த வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்து, எஜமானின் பக்கத்திலேயே நின்றதாம். அதையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். கேம் எழுதுகிற பாஸ்களே, இதைவிடப் பெரிய சைடு கேரக்டர் உங்களுக்குக் கிடைக்குமா?

அப்போ கவசமே கிடையாதா?

நல்ல கேள்வி. அவசரப்பட்டு "தமிழனுக்குக் கவசமே தெரியாது" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சங்க இலக்கியத்தில் உடம்பை மறைக்கும் கவசம் பற்றிய பேச்சு உண்டு, தோல் கேடயம் உண்டு. படைத்தலைவர்களிடம் இருந்திருக்கலாம். நடுகல் காட்டுவது மாட்டுக்காக ஓடிய ஊர் வீரனை. இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள். ஒரே உடையை எல்லோருக்கும் மாட்டிவிடுவதுதான் தப்பு. காலமும் அப்படித்தான். சங்ககாலமும் பல்லவர் காலமும் சோழர் காலமும் ஒரே ட்ரெஸ் ரிகர்சல் இல்லை.

ஆயுதம் எப்படி இருந்தது என்பதற்கும் இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. தகடூர் என்பது தர்மபுரியின் பழைய பெயர். அதியமான் நெடுமானஞ்சி ஆண்ட ஊர். அவன் சார்பாகத் தொண்டைமானிடம் தூது போனார் ஔவையார். அவன் தன் ஆயுதசாலையைப் பெருமையாகக் காட்ட, ஔவை அங்கிருந்த ஆயுதங்களைப் பார்த்து, பீலியும் மாலையும் சூட்டி நெய் பூசிக் காவலில் வைத்திருக்கிறாய் என்று மெச்சுகிற மாதிரி சொன்னார். எங்கள் அதியமானின் ஆயுதங்களோ குத்திக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று முடித்தார். இது புறநானூற்றில் இருக்கிற செய்தி.

இப்போது உங்கள் கேமைத் திறந்து பாருங்கள். ஹீரோவின் வாள் எப்போதும் பளபள. அது தொண்டைமான் வாள் பாஸ்! அதியமான் வாள் பட்டறையில் இருக்கும்.

ரெக்கார்டு அழிஞ்சா ரொமான்ஸ் மட்டும்தான்

அரூர்ப் பையன் சொன்ன வேடியப்பன் கோயிலுக்கும் போனோம். வேப்ப மரத்தடி, சுற்றி மண் குதிரைகள். நடுவில் நம்ம ஆள், கையில் வில்லோடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கமெல்லாம் நடுகல்லுக்கு வேடியப்பன் என்று பேர் வைத்துக் கும்பிடுகிறார்கள். கும்பிடுவதால்தான் பல கற்கள் இன்னும் தப்பியிருக்கின்றன. செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போனோம்.

கும்பிட ஆள் இல்லாத கல் கதை வேறு. வயல் வரப்பில் பாதி புதைந்து கிடக்கும். துணி துவைக்கும் கல்லாகிவிடும். ரோடு அகலப்படுத்தும்போது மண்ணோடு மண்ணாகும். நல்லெண்ணத்தோடு அடித்த பெயின்ட் எழுத்தை மூடிவிடும். ஒரு கல் போனால் ஒரு பெயர் போச்சு, ஒரு சண்டை போச்சு, ஒரு கொண்டையின் வடிவமும் போச்சு.

இதெல்லாம் போய்விட்டால் அப்புறம் நம் வீரனுக்கு 'ரெக்கார்ட்ஸ்' கதவே கிடையாது. 'ரொமான்ஸ்' மட்டும்தான். கொம்பு ஹெல்மெட்டும் சிங்கத் தோளும்தான் தமிழன் என்று நாளைக்கு நம்ம பிள்ளைகளே நம்புவார்கள். வெளிநாட்டுக் கம்பெனிக்காரனைத் திட்டி என்ன பிரயோஜனம்? புரட்டிப் பார்க்க நாம் என்ன வைத்திருக்கிறோம்?

காலேஜ் மக்களே, உங்களால் முடிந்தது இருக்கிறது. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது கல்லைத் தேடுங்கள். ஊர்ப் பெரியவரிடம் கேட்டுவிட்டு, காலையிலோ சாயங்காலமோ வெயில் சாய்வாக விழும்போது போட்டோ எடுங்கள். அப்போதுதான் தேய்ந்த கோடும் எழுத்தும் கண்ணுக்குத் தெரியும். சுற்றிச் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்று படிகிற மாதிரி ஐம்பது அறுபது படம் எடுத்தால், இலவச சாஃப்ட்வேரிலேயே அந்தக் கல்லை முப்பரிமாண மாடலாக மாற்றிவிடலாம். வுகோங் டீம் கோயில்களுக்குச் செய்த வேலையின் சின்ன வெர்ஷன் இது. சாக்பீஸ் தடவாதீர்கள், எண்ணெய் ஊற்றாதீர்கள், பெயர்த்து எடுக்கவே எடுக்காதீர்கள். புதுக் கல் என்று தோன்றினால் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகு அனிமேஷன் நண்பன் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. மூன்றாம் நாள் லேப்டாப்பைத் திருப்பினான். கவசம் போயிருந்தது. கொண்டை வந்திருந்தது. இடுப்பில் குறுவாள், முனை கொஞ்சம் முறிந்த வாள், பின்னால் மாடுகள், காலடியில் ஒரு நாய். மார்பில் இரண்டு அம்பு.

ரூம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"என்னமோ பயமா இருக்குடா. இவன் செத்துடுவான் போல இருக்கு" என்றான் ஒருத்தன்.

அரூர்ப் பையன் ஸ்க்ரீனை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான்...

"செத்தான்டா. இவனுக்கு ஒரே லைஃப்தான். அதனாலதான் கல்லு வெச்சாங்க."